18 வயதில் பீரும் லைசென்சும்: வீட்டில் எந்த விதி வைப்பது?

சிங்கப்பூரில் ஒரு பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் இரண்டு உரிமைகள் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. காலையில் கார் ஓட்டக் கற்க அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வுக்குப் பதிந்துகொள்ளலாம். மாலையில் காப்பிக்கடையில் உட்கார்ந்து பீர் கேட்கலாம். சிகரெட்டுக்கு மட்டும் 21 வரை பொறுக்க வேண்டும். 2019 தொடங்கி ஆண்டுக்கு ஒரு வயதாக உயர்த்தி, 2021ல் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மதுவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பையனாக இருந்தால், கட்டாயச் சீருடைப் பணியான தேசிய சேவைக்கான அழைப்பும் இதே வயதை ஒட்டித்தான் வருகிறது.

சட்டம் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, பிரித்து வைக்கும் வேலை வீட்டின் தலையில் விழுகிறது. அந்த வயதில் பிள்ளை உள்ள நம்மவர்கள் கூடும் இடங்களில் நான்கு யோசனைகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். “21 வரைக்கும் தொடவே கூடாதுன்னு சொல்லிடலாமா?” “லைசென்ஸைத் தள்ளிப் போட்டா என்ன?” “வீட்லயே கொஞ்சம் குடிச்சுப் பழகட்டுமே, வெளிய போய் ஆட மாட்டான்ல?” “குடிச்சா ஓட்டாதே, போன் போடு, நான் வரேன்னு சொன்னா அது குடிக்கச் சொன்ன மாதிரி ஆகிடுமா?”

நான்காவதன் பக்கம்தான் என் சாய்வு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற மூன்றையும் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் உள்ள வீடுகள் இருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, இரவு 1 மணிக்கு அந்த விதி வேலை செய்யுமா என்பது. பகலில் சோபாவில் உட்கார்ந்து பேசும்போது எல்லா விதியும் நன்றாகத்தான் இருக்கும். நண்பன் வீட்டுப் பிறந்தநாள் முடிந்து, கடைசி எம்ஆர்டியும் போய்விட்டது. முன்பிருந்த பின்னிரவுப் பேருந்துச் சேவைகள் 2022ல் நிறுத்தப்பட்டன. நள்ளிரவுக்குப் பின் டாக்சி மீட்டரில் 50 விழுக்காடு கூடுதல். பையில் சாவி இருக்கிறது. அந்த நிலைமையில் விதி என்ன சொல்கிறது?

இரண்டாவது கேள்வியைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள்: ஓட்டுவது உங்கள் பிள்ளையாக இல்லாவிட்டால்? 2021 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது, தஞ்சோங் பகாரில் வேகமாக வந்த கார் ஒன்று கடைவீட்டில் மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த ஐவரும் இறந்தார்கள். ஓட்டியவர் மது அருந்தியிருந்தார். ஐவரில் நால்வர் பயணிகள். ஐவருமே இருபதுகளின் பிற்பகுதியில் இருந்தவர்கள். 18ஐ 21 ஆக்கும் எந்தச் சட்டமும் அவர்களைத் தொட்டிருக்காது. ‘நீ குடித்துவிட்டு ஓட்டாதே’ என்ற விதியும் அந்த நால்வருக்கு உதவியிருக்காது.

மூன்றாவது, விதியை மீறிய இரவில் பிள்ளை வீட்டுக்குச் சொல்வானா, மறைப்பானா? நான்காவது, செலவு. பணம் மட்டுமல்ல, தூக்கமும் செலவுதான்.

## சட்டம் எதுவரை வருகிறது

வாகனமோட்டிகளுக்குச் சட்ட அளவு, 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் மது. இரத்தத்தில் என்றால் 80 மில்லிகிராம். 20 ஆண்டுகளாக ஓட்டுபவருக்கும், நேற்று லைசென்ஸ் வாங்கி முன்னும் பின்னும் முக்கோண அட்டை ஒட்டியவருக்கும் இதே அளவுதான். எனக்கு உறுத்துவது இதுதான். ஆஸ்திரேலியாவில் புது ஓட்டுநருக்கு அளவு பூஜ்யம். நியூசிலாந்து 1999ல் மது வாங்கும் வயதை 20லிருந்து 18க்கு இறக்கியது. பிறகு 2011ல், 20 வயதுக்குட்பட்ட ஓட்டுநருக்குப் பூஜ்யம் என்று வைத்தது. ஜெர்மனியில் 16 வயதிலேயே பீர் வாங்கலாம். ஆனால் 2007 முதல் 21 வயதுக்குட்பட்டவர்களும் புது ஓட்டுநர்களும் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ஒரு துளி கூடாது. இந்த நாடுகள் குடிக்கும் வயதோடு மல்லுக்கட்டாமல், குடிப்பதையும் ஓட்டுவதையும் பிரித்து வைத்தன.

நம் ஊரில் தண்டனை லேசானதல்ல. முதல் முறை பிடிபட்டால் 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குறைந்தது 2 ஆண்டுகள் வாகனம் ஓட்டத் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ தடை விதிக்கப்பட்டால் லைசென்ஸ் செல்லாது. எல்லாத் தேர்வுகளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். மறுமுறை பிடிபட்டால் அபராதம் 5,000த்தில் தொடங்கி 20,000 வரை போகும், தடை 5 ஆண்டுக்குக் குறையாது. குடித்துவிட்டு ‘ஓட்டவில்லை, காருக்குள் தூங்கத்தானே செய்தேன்’ என்பதும் முழுப் பாதுகாப்பு தராது. போதையில் வாகனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதே தனிக் குற்றம்.

## ஒரு பார்வையில்

| | இரவு 1 மணிக்கு | பின்சீட்டில் இருந்தால் | மறைப்பானா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| 21 வரை மது கூடாது | மீறாதவரை வேலை செய்யும் | உதவாது | வாய்ப்பு அதிகம் | மீறிய இரவில் வீட்டுக்குப் போன் வராது |
| லைசென்ஸைத் தள்ளிப்போடுவது | ஓட்ட மாட்டான் | உதவாது | குறைவு | தேசிய சேவைக்கு முந்தைய ஓய்வு மாதங்கள் போய்விடும் |
| வீட்டில் வைத்துப் பழக்குவது | பெரிதாக உதவாது | உதவாது | குறைவு | ‘எனக்குத் தாங்கும்’ என்ற துணிச்சல் |
| ஓட்டும் நாளில் பூஜ்யம், கூப்பிட்டால் வருவோம் | இதற்காகவே உள்ளது | உதவும் | குறைவு, பெற்றோர் வாக்கைக் காத்தால் | உங்கள் தூக்கம், திட்டாமல் அடக்கும் உங்கள் வாய்க்கட்டு |

## 21 வரை மது கூடாது என்பது

இதை ஆதரிப்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். 1970களில் அங்கே பல மாநிலங்கள் குடிக்கும் வயதை இறக்கின. இளைஞர்களின் விபத்துகள் கூடின. 1984ல் மத்தியச் சட்டம் வந்தது: 21க்கு உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு. 1988க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. இளைஞர்களின் இரவு விபத்துகள் குறைந்தன. இதை மறுக்க முடியாது.

ஆனால் அங்கே பிள்ளைகள் 16 வயதிலேயே கார் ஓட்டுகிறார்கள். கார் இல்லாமல் பல ஊர்களில் பால் வாங்கக்கூடப் போக முடியாது. இங்கே கார் வாங்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழின் விலையைக் கேட்டாலே பெரியவர்களுக்கே தலை சுற்றுகிறது. 18 வயதுப் பிள்ளை ஓட்டுவது பெரும்பாலும் அப்பாவின் கார், வாடகைக் கார், அல்லது மோட்டார் சைக்கிள். சட்டமாக 21 அங்கே சாதித்ததை, வீட்டு விதியாக 21 இங்கே சாதிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே கடைக்காரரும் மதுக்கூடமும் போலிஸும் அந்த விதியைக் காத்தார்கள். இங்கே உங்கள் 21ஐக் காக்க நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள். கடைக்காரர் 18ஐத்தான் பார்ப்பார். தமிழ்நாட்டில் சட்டப்படி 21, கேரளத்தில் 23. எழுதி வைத்த வயதுக்கும் கடை வாசலுக்கும் உள்ள தூரத்தை ஊருக்குப் போய்வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதன் பெரிய மறைசெலவு மீறிய இரவில்தான் தெரியும். இரண்டு பீர் குடித்துவிட்ட பையனுக்கு முன்னால் இப்போது இரண்டு பயங்கள். ஒன்று சாலை, இன்னொன்று அப்பாவின் மூக்கு. பல வீடுகளில் இரண்டாவதுதான் பெரியது. போன் போட்டால் குடித்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் மெதுவாக, ஓரமாக, ‘பக்கத்துல தானே’ என்று ஓட்டி வந்துவிடுவான். அல்லது அவனைவிட அதிகம் குடித்த நண்பனின் பின்னால் ஏறிக்கொள்வான்.

ஆனாலும் இந்த விதி சரியாக அமையும் வீடுகள் உண்டு. வீட்டில் யாருமே குடிப்பதில்லை, சமய நம்பிக்கையோ குடும்பப் பழக்கமோ காரணம், பிள்ளைக்கும் அதில் மனமொப்பு. அல்லது தாத்தாவோ சித்தப்பாவோ குடியால் அழிந்ததைப் பார்த்த குடும்பம். மதுவோடு சேரக்கூடாத மருந்து எடுக்கும் பிள்ளை. எவ்வளவு சிறுவயதில் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குப் பின்னாளில் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. இத்தகைய வீடுகளுக்கு நான் சொல்வது ஒன்றே: 21ஐ வைத்துக்கொள்ளுங்கள், அதோடு நான்காம் வழியின் போன் வாக்குறுதியையும் சேர்த்துக் கொடுங்கள்.

## லைசென்ஸைத் தள்ளிப்போடுவது

நான்கிலும் சுத்தமானது இது. சாவி இல்லை, ஆகவே சிக்கலும் இல்லை. படிப்புக்கும் பகுதிநேர வேலைக்கும் எம்ஆர்டி போதுமென்றால், 20 வயதில் கற்றுக்கொள்வதால் யாருக்கும் நட்டமில்லை. ஓட்டுநர் பள்ளிக்கான சில ஆயிரம் வெள்ளியையும் பிள்ளை தானே சேர்த்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

ஆனால் பையன்களுக்கு ஓர் இடர். தொடக்கக் கல்லூரியோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ முடித்து, தேசிய சேவைக்குப் போகும் முன் கிடைக்கும் அந்தச் சில மாதங்கள்தான் வகுப்புக்கு நேரம் ஒதுக்க வசதியானவை. அதை விட்டால் வார இறுதிகளைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்று. புது ஓட்டுநரின் ஆபத்து வயதால் மட்டும் வருவதில்லை, அனுபவமின்மையாலும் வருகிறது. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் மாதங்கள்தான் மிக மோசமானவை. 21ல் தொடங்கினாலும் அந்த மாதங்கள் வரத்தான் செய்யும். தேர்ச்சி பெற்றபின் ஓராண்டு சோதனைக்காலம். அதற்குள் 13 தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் பறிபோகும். சிலர் புத்திசாலித்தனமாக, ‘இப்ப லைசென்ஸ் எடுத்து வச்சுக்கட்டும், காரைத் தொட வேணாம்’ என்கிறார்கள். இது இரண்டுங்கெட்டான். லைசென்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்தே அந்த ஓராண்டு ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓட்டாமலே முக்கோண அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, 19 வயதில் அனுபவசாலி என்ற பெயரோடும் அனுபவமில்லாத கையோடும் சாலைக்கு வருவான். தள்ளிப்போடுவதென்றால் முழுதாகத் தள்ளிப்போடுங்கள். எடுப்பதென்றால் பகலில், நீங்கள் பக்கத்தில் உட்கார, ஓட்ட விடுங்கள்.

மோட்டார் சைக்கிள் கேட்கும் பிள்ளை என்றால் நானும் இந்த வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். இந்த ஊரில் சாலையில் இறப்பவர்களில் பாதிப்பேரோ அதற்கு மேலோ மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களும்தான். காரில் இருப்பவரைச் சுற்றி இரும்பாவது இருக்கிறது.

## வீட்டில் வைத்துப் பழக்குவது

‘நாம ஊத்திக் கொடுத்தா அளவு தெரியும்’ என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பதின்ம வயதினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018ல் வெளியானது. பெற்றோரே மது கொடுப்பது பிள்ளைகளைக் காத்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. அப்படிப் பெற்ற பிள்ளைகள் வெளியிலும் தேடிப்போகும் வாய்ப்புதான் கூடியிருந்தது.

சாலையைப் பொறுத்தவரை இந்த வழி கற்றுக்கொடுப்பது தப்பான பாடம். “எனக்கு ரெண்டு கேன் ஒண்ணும் பண்ணாதுப்பா” என்று பையன் சொல்லும்போது அவன் பொய் சொல்வதில்லை. உடல் பழகிவிட்டதால் உண்மையிலேயே அப்படித் தோன்றுகிறது. மூச்சுப் பரிசோதனைக் கருவிக்குத் தோற்றம் தெரியாது. 330 மில்லிலிட்டர், 5 விழுக்காடு பீர் ஒரு கேனில் சுமார் 13 கிராம் மது இருக்கிறது, குடிப்பவர் யாராக இருந்தாலும்.

18 தாண்டிய, ஏற்கெனவே நண்பர்களோடு குடிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளை, சாவியே இல்லாத வீடு. அங்கே இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸை மறைக்காமல் குடிப்பது பேச்சுக்கு வழிவிடும். அவ்வளவுதான் இதன் பயன். மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஊற்றிக்கொடுக்கும் தாராளம் வேண்டாம்.

## ஓட்டும் நாளில் பூஜ்யம், கூப்பிட்டால் வருவோம்

இதில் இரண்டு பாதிகள். முதல் பாதி பிள்ளைக்கு: வண்டியை எடுத்துப் போனால் அன்று ஒரு துளிகூட இல்லை. சட்டம் 80 வரை விடுகிறதே என்ற கணக்கு வேண்டாம். முதலில் மங்குவதே கணக்குப் போடும் புத்திதான். 80ஐத் தொடும் முன்பே கவனமும் எதிர்வினையும் தளரத் தொடங்கிவிடும். அதே அளவு மதுவுக்கு இளம் ஓட்டுநரின் விபத்து ஆபத்து மூத்தவரைவிடக் கூடுதல். பூஜ்யத்துக்குக் கணக்கே தேவையில்லை. “இன்னிக்கு வண்டி எடுத்துட்டு வந்திருக்கேன்” என்று நண்பர்களிடம் சொல்லித் தப்பிக்கவும் அது வசதி.

இரண்டாம் பாதி பெற்றோருக்கு: எந்நேரமானாலும், எங்கிருந்தாலும், எந்த நிலையிலிருந்தாலும் கூப்பிட்டால் வருவோம், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். அமெரிக்காவில் 1981ல் தொடங்கிய ஒரு மாணவர் அமைப்பு இதைத் தாளில் எழுதி, பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திடும் உடன்படிக்கையாகவே பரப்பியது. ‘இது குடிக்கக் கொடுக்கும் அனுமதி’ என்ற குற்றச்சாட்டு அங்கேயும் எழுந்தது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அப்பா வருவார் என்று தெரிந்தால் ஒரு கிளாஸ் கூடுதலாகக் குடிக்கும் பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள். அந்த ஒரு கிளாஸை நான் ஏற்றுக்கொள்வேன். அதைப் பற்றி மறுநாள் பேசலாம்.

பின்சீட்டுக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பது இது ஒன்றுதான். ‘யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் குடித்திருந்தால் ஏறாதே, எனக்குப் போன் போடு.’ பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் பெரும்பாலும் ஓட்டுபவர்களாக இல்லாமல், ‘நான் டிராப் பண்றேன்’ என்று யாரோ அழைக்கும் பயணிகளாக இருக்கிறார்கள். ‘இவன்தான் கம்மியா குடிச்சான்’ என்று கூட்டத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் உண்டு. கம்மியாகக் குடித்தவரும் குடித்தவர்தான்.

செலவைப் பார்ப்போம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார் நிறுத்துமிடத்தில் இரவு முழுக்க விட்டாலும் கட்டணம் 5 வெள்ளியைத் தாண்டாது. நகரத்துத் தனியார் கட்டடங்களில் கூடும். வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியில் உங்கள் வங்கி அட்டையை இணைத்து, ‘இதை இரவு 11க்கு மேல் கேள்வியில்லாமல் பயன்படுத்தலாம்’ என்று சொல்லிவிடலாம். குடித்தவரின் காரை அவர் வீட்டுக்கே ஓட்டிவந்து விடும் வாடகை ஓட்டுநர் சேவைகளும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் 2,000 வெள்ளி என்ற குறைந்தபட்ச அபராதத்தின் பக்கத்தில் வராது. குடித்து ஓட்டியதால் ஏற்பட்ட விபத்தில், மற்றவருக்குக் கொடுத்த இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் உங்களிடமே திருப்பிக் கேட்கக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான செலவு வாய்க்கட்டு. பின்னிரவு 2 மணிக்குப் பிடோக்கிலிருந்து ஜூரோங்குக்குப் போய், வாந்தி நாற்றத்தோடு ஏறும் பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ஒருமுறை வழிநெடுகத் திட்டினால் போதும், அடுத்தமுறை போன் வராது. அந்தப் பொறுமை தனக்கு இல்லை என்று நேர்மையாகத் தெரிந்தவர்கள், அழைப்பு எண்ணை அத்தையிடமோ மாமாவிடமோ மாற்றி விடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த வீட்டுக்கு இது ஒத்துவராது? சொன்ன சொல்லைக் காக்காத பெற்றோருக்கும், மாதத்தில் பல இரவுகள் கூப்பிடத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கும். பின்னது போக்குவரத்துப் பிரச்சினை அல்ல. மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போக வேண்டிய விஷயம்.

## எந்த வழியானாலும் சேர்க்க வேண்டிய இரண்டு

ஒன்று, மறுநாள் காலை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மது சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் இறங்கும். காப்பியும் குளியலும் அதை வேகப்படுத்தாது. பின்னிரவு 2 மணிக்கு 150 இருந்தால், காலை 6.40 வரை சட்ட அளவுக்கு மேலேயே இருக்கும். பூஜ்யத்துக்கு வர நண்பகல் ஆகும். தூங்கி எழுந்து, முகம் கழுவி, முகாமுக்கு பைக்கில் கிளம்பும் தேசிய சேவையாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ‘ஓட்டும் நாள்’ என்பது முந்தைய இரவிலேயே தொடங்கிவிடுகிறது.

இன்னொன்று, கடற்பாலம். ஜோகூர் பாருவுக்குள் நுழைந்ததும் எண்கள் மாறிவிடும். மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் மது வாங்கும் வயது 21. ஓட்டுநருக்கான இரத்த அளவு 2020 அக்டோபரில் 80லிருந்து 50க்கு இறங்கியது. முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும். நம்மூர் அளவை மனத்தில் வைத்து அங்கே சீஃபூட் சாப்பிடப் போகும் 18 வயதுக் கூட்டம், மேசையில் பீர் கேட்கும்போதே அந்த வயது விதியில் இடறிவிடும்.

## அப்பாவும் அன்று குடித்திருந்தால்?

நான்காம் வழியைச் சொன்னதும் உடனே வரும் கேள்வி இது; நல்ல கேள்வி. தீபாவளி இரவு, வீட்டில் விருந்தினர், அப்பா இரண்டு பெக் போட்டிருக்கிறார், மகன் கூப்பிடுகிறான். அப்பா சாவியை எடுக்கக் கூடாது. டாக்சியில் போய், டாக்சியிலேயே கூட்டிவர வேண்டும். ‘நான் அனுபவசாலி, எனக்கு ஒண்ணும் ஆகாது’ என்று அவர் ஓட்டிக்கொண்டு போய் நின்றால், அந்த வீட்டில் நான்கு வழிகளில் ஒன்றுகூட மிஞ்சாது. விருந்து வைக்கும் வீடுகளில், வரும் மாமா சித்தப்பாக்களின் வண்டிச் சாவிகளுக்கும் இதே விதியைப் போடச் சொல்கிறேன். முதல் ஆண்டு முணுமுணுப்பார்கள். சிலர் கோபித்துக்கொண்டு பத்து மணிக்கே கிளம்பிவிடுவார்கள், அதுவும் நல்லதற்கே.